கைக்கு வாட்டமான எழுதுகோல்



இந்தக் கட்டுரையை நான் ஒரே மூச்சில் எழுதி முடிக்கவில்லை. லுஹர் தொழுகைக்குப் பின் அரைப் பக்கம், அஸருக்குப் பின் அரைப் பக்கம் என 11 நாட்களாக எழுதியது. பெண்கள் பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து, பரீட்சைக் காலங்களில் ஒரே நாளில் 60 விடைத்தாள்களைத் திருத்தி அடுக்கிய கைக்கு இப்போது அவ்வளவுதான் இயலுகிறது. அனுதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. அரைப் பக்கமாவது வலியின்றி எழுத முடிகிறதே என்று அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தவே சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதுவும் முடியவில்லை.

என் உம்மம்மா ஒரு நோட்டுப் புத்தகம் விட்டுச் சென்றிருக்கிறார்கள். கெட்டி அட்டை போட்ட பழைய கணக்கு நோட்டு; 140 பக்கங்கள்; முழுவதும் அரபுத்தமிழ். தமிழ் மொழியை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதும் அம்முறை காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்ப் பெண்களிடம் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்வரை சரளமாகப் புழங்கியது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதியாத பெண்கள், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் சபர் போன கணவன்மார்க்குக் கடிதம் எழுதியது அந்த எழுத்தில்தான். எங்கள் உம்மம்மாவின் நோட்டில் இலக்கியம் ஏதுமில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துகளின் அளவு, யார் யாருக்கு எவ்வளவு கைமாற்று, எந்தப் பிள்ளை எந்தப் பிறையில் பிறந்தது, எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மஹர், பிறந்த ஏழாம் நாளே மறைந்த இரண்டு குழந்தைகளின் பெயர்கள். வேறெங்கும் அப்பெயர்கள் எழுதப்பட்டில்லை.

எங்கள் குடும்பத்தில் அந்நோட்டைத் தடங்கலின்றி வாசிக்கத் தெரிந்தவள் இன்று நான் ஒருத்திதான். என் காலத்துக்குள் அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிவிட வேண்டும் என்பது, பணி ஓய்வு பெற்ற அன்றே நான் செய்துகொண்ட நிய்யத். 23ஆம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

வலி தொடங்கிய இடம் வலக்கைக் கட்டைவிரலின் அடி. அவ்விரல் மணிக்கட்டோடு வந்து சேரும் மூட்டு. நான்கு வரி எழுதினால் அங்கே ஊசி இறங்கும். எட்டு வரியில் உள்ளங்கை கனக்கும். ஒரு பக்கம் முடியுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயது என்றேன். தைலம் தடவினேன். “பேசினாலே போதும், போனே எழுதிக்கொள்ளும் உம்மா” என்றான் என் மகன். அதையும் முயன்றேன். எங்கள் வீட்டுப் பேச்சை அந்தக் கருவி கேட்டுக்கொண்டு திருப்பித் தந்த தமிழைக் கண்டு வீடே சிரித்தது. மேலும், மங்கிப்போன ஓர் எழுத்து என்னவென்று துணியும்வரை அதன்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, கையால் பலமுறை எழுதிப் பார்த்தால்தான் சொல் பிடிபடும். வாயால் நடக்கிற வேலையன்று அது.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டித் தேய்மானம் என்றார். நடுவயதைக் கடந்த பெண்களுக்கு இம்மூட்டில் தேய்மானம் மிகுதியாகக் காணப்படுவது என்றும் சொன்னார். காரணத்தை அவர் விளக்கியபோதுதான் எனக்கு விழிப்பு வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் நாம் செலுத்தும் விசை அடிமூட்டில் பன்மடங்காகப் போய் இறங்குகிறது. 1977இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதை ஏறக்குறைய 12 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறது. நுனியில் 1 கிலோ என்றால் அடியில் 12 கிலோ! போத்தல் மூடியைத் திறக்கிறோம், ஈரத்துணியைப் பிழிகிறோம், பூட்டில் சாவியைத் திருகுகிறோம். எல்லாம் அந்த ஒரு மூட்டின் தலையில்தான். இத்தனைக்கும் மேலே, மெல்லிய ஒரு குச்சியை நாள் முழுவதும் நெரித்துப் பிடித்துக்கொண்டு எழுதுகிறோம்.

மருத்துவர் என்னை இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கே இருந்தது என் பேத்தி வயதுப் பெண். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு தாளையும் பேனாவையும் என்முன் வைத்து, “நீங்கள் வழக்கமாக எழுதுவது போல எழுதிக் காட்டுங்கள் அம்மா” என்றாள். எழுதினேன். “உங்கள் நகத்தைப் பாருங்கள்” என்றாள். பார்த்தேன். ஆள்காட்டி விரல் நகம் இரத்தமின்றி வெளுத்திருந்தது. அதன் முதற்கணு உட்புறமாக ஒடிந்தாற்போல் வளைந்திருந்தது. “பேனா ஓடியா போய்விடும்? ஏன் அதன் கழுத்தை இப்படி நெரிக்கிறீர்கள்?” என்று சிரித்தாள்.

பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கட்டைவிரல் இடுக்கில் வைக்காமல், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகினாள். பேனா அந்த இரு விரல்களின் பள்ளத்தில் தானாகவே சாய்ந்து நின்றது. கட்டைவிரல் அதைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். “இப்போது எழுதுங்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற பிடி இது.”

எழுத்து கோணலாக வந்தது. ஆனால் வலி வரவில்லை. நான் அழுதுவிட்டேன். வலி போன மகிழ்ச்சி என்று அந்தப் பெண் எண்ணியிருப்பாள். அதுவன்று காரணம். அந்தப் பிடியை எனக்கு முன்பே தெரியும்.

1988ஆம் ஆண்டு. ஏழாம் வகுப்பு. இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். பேனாவை இந்த இரு விரல்களுக்கிடையே செருகிக்கொண்டுதான் எழுதுவாள். எழுத்து நன்றாகவே இருக்கும், வேகமும் குறைவில்லை. ஆனால், என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று விரலால் பிடிப்பதே பிடி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையே நானும் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள், “பீடி பிடிக்கிறவனைப் போலப் பேனா பிடிக்கிறாயே, வெட்கமாக இல்லையா?” என்று கேட்டு, மர அடிக்கோலால் அந்த விரல்களின் மேலேயே அடித்தேன். வகுப்பு சிரித்தது. அன்று முதல் அவளுக்குப் ‘பீடி’ என்று பெயராயிற்று. ஒரு பெண்பிள்ளைக்கு அப்படியொரு பட்டப்பெயர்! நான் அதைக் காதில் வாங்காதவளைப் போல் இருந்துவிட்டேன். ஆண்டு முடிவதற்குள் பிடியை மாற்றிக்கொண்டாள். என் வெற்றி என்று எண்ணிக்கொண்டேன்.

இது நிற்க. முதலில் எழுதுகோலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் கைவலியோடு எழுதுகிறவர்கள் இருக்கலாம்.

* * *

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, வீட்டிலுள்ள எழுதுகோல்களையெல்லாம் மேசையில் கொட்டிப் பார்த்ததுதான். சபராளிகள் அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்த தங்க நிறப் பேனாக்கள் ஏழெட்டு இருந்தன. பார்வைக்கு அழகு; கையிலெடுத்தால் கனம்; வழுவழுப்பான உலோக உடம்பு. வியர்த்த கையில் அது வழுக்கும், வழுக்குவதால் இறுக்குவோம், இறுக்குவதால் வலிக்கும். கடற்கரை ஊரில் வியர்க்காத கை எது? அவற்றை மீண்டும் பெட்டியில் வைத்துவிட்டேன். நிக்காஹ் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போடுவதற்கு அவை ஏற்றவை. உம்மம்மாவின் நோட்டுக்கு ஆகா.

அடுத்து, நான் ஆண்டுக்கணக்கில் திருத்தப் பயன்படுத்திய சிவப்புப் பந்துமுனைப் பேனா. 1938இல் பிரோ என்ற ஹங்கேரிக்காரர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. முனையிலுள்ள சிறு குண்டு காகிதத்தில் உரசி உருண்டால்தான் பசைபோன்ற மை இறங்கும். எனவே அழுத்த வேண்டும். சற்று நிமிர்த்தியும் பிடிக்க வேண்டும். மை நிரப்பி எழுதும் பழைய பேனாவுக்கு அழுத்தம் வேண்டாம். முள்ளின் பிளவு வழியே மை தானாக இறங்கிக் காகிதம் பட்டதும் பரவும். ஜெல் பேனா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கைவலி உள்ளவர்கள் முதலில் மாற்ற வேண்டியது மை என்பது என் அனுபவம். பணம் செலவழித்துத் தடித்த பிடி வாங்கி, அதற்குள் அழுத்தி எழுத வேண்டிய மையை வைத்துக்கொண்டால் பயனில்லை.

இரண்டாவது, பருமன். சாதாரணப் பென்சில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. பொருள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு விரல்கள் மடங்கி நெரிக்கும். ஜப்பானிய பைலட் நிறுவனம் 1991இல் ‘டாக்டர் கிரிப்’ என்றொரு பேனாவை வெளியிட்டது. எழுதிக் களைத்த கைகளுக்கென்றே வடிவமைத்தது. அதன் பிடி 13.8 மில்லிமீட்டர், மேலே மெத்தென்ற ரப்பர். அமெரிக்காவில் கவட்டைக் கம்பு வடிவில் ஒரு பேனா செய்தார்கள். ஆள்காட்டி விரல் அந்தக் கவட்டையில் உட்கார்ந்துகொள்ளும். கையின் சொந்த எடையே பேனாவைக் காகிதத்தில் அமர்த்தும். கிள்ள வேண்டிய தேவை குறையும். என் மருமகன் எங்கிருந்தோ ஒன்று வரவழைத்துத் தந்தார். பேரப்பிள்ளைகள் அதை வைத்து விளையாடிய அளவுக்கு நான் எழுதவில்லை. கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. அது பேனாவின் குற்றமன்று. 60 வயது கடந்த கையின் பிடிவாதம்.

காசு செலவில்லாமல் செய்தவற்றையும் சொல்கிறேன். சைக்கிள் கடையில் பழைய டியூபை நாடாவாக வெட்டித் தரச் சொல்லிப் பேனாவின் பிடியில் மூன்று சுற்றுச் சுற்றினேன். பிடி நன்றாயிருந்தது, கையெல்லாம் கருமை. அதன்மேல் பழைய பருத்தித் துணியைச் சுற்றித் தைத்தேன், சரியாயிற்று. பிறகொருநாள், வீட்டில் ஏசி பொருத்த வந்த பையன் செம்புக் குழாயின் மேல் போர்த்தும் கறுப்பு நுரைக் குழாயில் ஒரு சாண் துண்டை விட்டுச் சென்றான். நான்கு விரற்கடை நீளத்தில் வெட்டிப் பேனாவில் ஏற்றினேன். நான் வாங்கிய எந்த ஜப்பானியப் பிடிக்கும் அது தாழ்ந்ததன்று! அந்தத் துண்டிலிருந்து தெருவில் நான்கு வீடுகளுக்கு வெட்டிக் கொடுத்தேன்.

அவற்றுள் ஒரு வீட்டில் முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன ஒரு பெரியம்மா இருக்கிறார்கள். நுரைக்குழாயும் அவர்களுக்குப் போதவில்லை, விரல் மடங்காது. சிறுபிள்ளைகள் விளையாடும் மெத்தென்ற ரப்பர் பந்தில் துளையிட்டு அதன் வழியே பேனாவைச் செருகிக் கொடுத்தோம். பந்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முழங்கையை அசைத்து எழுதினார்கள். எட்டாம் வகுப்புவரை படித்த பெண்மணி. கை முடங்கிய பிறகு எங்கே போனாலும் மைப்பெட்டியை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்று தம் பெயரைத் தாமே எழுதிவிட்டு, அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

பருமன் என்றால் எல்லாருக்கும் ஒரே பருமன் அல்ல. சிறுத்த கைக்கு மிகத் தடித்த பேனாவும் தொல்லையே. திருவள்ளூரில் எபோனைட் பேனாக்களைக் கையாலேயே கடைந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து, என் விரல்களை வாட்டமாக மடித்துக்கொண்டு நடுவில் நூல் சுற்றி அளவெடுத்து அனுப்பினேன். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர், எடையற்றது போலிருக்கும், உலோகம்போல் சில்லென்று இராது, வியர்வையில் அவ்வளவாக வழுக்காது. இப்போது நான் எழுதுவது அதில்தான். மூடியைப் பின்னால் மாட்டிக்கொண்டு எழுதுவதில்லை. மாட்டினால் வால் கனத்து, அதைத் தாங்கக் கட்டைவிரல் மறுபடியும் இறுகும். முள்ளுக்கு மிக அருகில் பிடிக்காமல் சற்று மேலே பிடிக்கிறேன். மடியில் வைத்து எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டேன். முழங்கை மேசைமேல் சாய்ந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கொரு முறை பேனாவைக் கீழே வைக்கிறேன். ‘கீழே வைக்கிறேன்’ என்பதைக் கவனியுங்கள். பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பது ஓய்வன்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாக் கைவலிக்கும் பேனா காரணமன்று. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் உறக்கம் கலைகிறதென்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். வேறெந்த வேலைக்கும் ஒழுங்காக இருக்கும் விரல்கள், எழுதத் தொடங்கியதும் மட்டும் தாமாகவே முறுக்கிக்கொள்கின்றன என்றால் அது வேறு வகை. இவற்றுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். நுரைக்குழாயை நம்பி நாள் கடத்தலாகாது.

* * *

எழுதுகிறவர்களின் கைநோவு புதிதன்று. தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவான நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, 1713இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களுக்கென்று தனியே எழுதினார். மூன்று காரணங்கள் காட்டினார்: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே விதமாக இடைவிடாது அசைதல், பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். இந்த மூன்றாவதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். பிழைக்கு அஞ்சுகிற கைதான் பேனாவை நெரிக்கும். பள்ளிக்கூடத்தில் அந்த அச்சத்தை உண்டாக்குவது யார்?

நம் மார்க்கத்தில் எழுதுகோலுக்குள்ள சிறப்பை நீங்கள் அறிவீர்கள். முதல் வஹீயின் ஐந்து வசனங்களுக்குள்ளேயே அது இடம்பெற்றுவிட்டது. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அல் கலம்’. ஆயினும் எழுதுகிறவனின் வசதியைக் குறித்த ஒரு செய்தி என் மனத்தை அதிகம் தொட்டது. கி.பி. 953 முதல் 975 வரை ஆட்சி செய்த ஃபாத்திமிய கலீஃபா அல் முஇஸ், கையிலும் ஆடையிலும் மை படாத, தலைகீழாகப் பிடித்தாலும் மை கொட்டாத, தன்னுள்ளேயே மையைச் சேமித்து வைத்துக்கொள்ளும் எழுதுகோல் ஒன்று வேண்டுமென்று கேட்டார். கைவினைஞர் செய்து கொடுத்தார் என்று அக்காலத்து நீதிபதி அந்நுஃமான் பதிந்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் முதலில் நாமே கண்டுபிடித்தோம் என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உவப்பில்லை. எழுதுகிற கைக்கு நேரும் தொல்லையைத் தீர்க்க வேண்டும் என்று ஓர் ஆட்சியாளருக்குத் தோன்றியதே, அதுதான் வியப்பு.

உம்மம்மா எழுதியது சீவிய நாணற்கலத்தால். சுண்டுவிரல் பருமன்; எடை ஒன்றுமில்லை; அழுத்தினால் முனை பிளந்துவிடும் என்பதால் அழுத்தவே முடியாது. தடித்த பிடி, குறைந்த எடை, அழுத்தம் வேண்டாத மை! இன்று நாம் கடையில் தேடி வாங்குகிற மூன்றும் அவர்கள் கையில் அன்றே இருந்தன. 80 வயதிலும் அவர்கள் கைவலி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் அந்த நோட்டைப் பெயர்க்கும்போது கண்டேன். வலமிருந்து இடமாக எழுதும் வலக்கைக்காரரின் கை, எழுதி முடித்த ஈர மையின் மேலேயே நகர்ந்து வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் அரபு எழுத்தணிக் கலைஞர்கள் கையை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். இடக்கையால் தமிழ் எழுதும் பிள்ளைக்கும் இதே இக்கட்டுத்தான். அவன் கை மையை அழிக்கிறது, அழிக்காதிருக்க மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைக்கிறான், வலிக்கிறது. நாமோ “இடக்கை” என்று அதட்டுகிறோம். உண்ணுவதிலும் பருகுவதிலும் உள்ள ஒழுக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். எழுத்தைப் பொறுத்தவரை, அதட்டுவதற்குமுன் அவன் தாளின் தலைப்பக்கத்தைச் சற்று வலப்புறமாகச் சாய்த்துவைத்து, கையை வரிக்குக் கீழே வைக்கக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். ஜெர்மனியின் ஸ்டபிலோ நிறுவனம் இடக்கையருக்கும் வலக்கையருக்கும் விரல் பதியும் பள்ளங்களைத் தனித்தனியே அமைத்துப் பேனா செய்கிறது.

சிறுவர்களுக்கு முக்கோணப் பென்சில்கள் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. மூன்று விரலுக்கு மூன்று பக்கம். அறுகோணப் பென்சில் ஏன் வந்தது தெரியுமா? மேசையிலிருந்து உருண்டு விழாது. எட்டு உருண்டைப் பென்சில்களுக்கு ஆகும் மரத்தில் ஒன்பது அறுகோணப் பென்சில் செய்துவிடலாம் என்பார்கள். மரத்தையும் மேசையையும் பார்த்துச் செய்த வடிவம்! அதற்காக முக்கோணப் பென்சில் வாங்கிக் கொடுத்தால் எழுத்து முத்தாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் 120 பேரை வைத்துச் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகள் வழக்கமாகப் பிடிக்கும் நான்கு வகைப் பிடிகளில் எதுவாயினும் எழுத்தின் தெளிவிலோ வேகத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. பிடி எப்படியிருந்தாலும் நகம் வெளுக்கிறதா என்று பாருங்கள். தாளின் மறுபக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்திருந்தால் பிள்ளை அளவுக்கு மீறி அழுத்துகிறான். பரீட்சைக்கு மூன்று மணி நேரம் எழுதப்போகும் கை அது.

* * *

அந்த மாணவிக்கு வருகிறேன்.

அல்லாஹ்வுக்குச் செய்த குறைகளை அவனிடம் அழுது மன்றாடலாம். மனிதர்க்குச் செய்ததை அந்த மனிதரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஹக்குல் இபாத் என்று 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவளுடைய ராத்தா பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்னர் அங்கே போய் முகவரி வாங்கிவந்து, ஒரு கடிதம் எழுதினேன். தொலைபேசி எண்ணும் கிடைத்தது. இருந்தாலும் இதைக் கையால் எழுதுவதுதான் முறை என்று பட்டது. பேனாவை அந்த இரு விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு எழுதினேன். ஒன்றரைப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. நடந்ததை அப்படியே எழுதி, அந்தப் பட்டப்பெயரை மட்டும் எழுதாமல் விட்டு, மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கடிதத்தை எந்தப் பிடியில் எழுதுகிறேன் என்பதையும் எழுதினேன்.

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் இரவு, தராவீஹ் முடிந்த நேரம், தொலைபேசியில் அழைத்தாள். முதலில் இருவரும் பேசவில்லை. பிறகு, “அதையெல்லாம் அன்றைக்கே மன்னித்துவிட்டேன் டீச்சர்” என்றாள். சற்று நேரம் கழித்து, “ஆனால் மறக்கவில்லை” என்றாள். இப்போது எப்படிப் பிடித்து எழுதுகிறாய் என்று கேட்டேன்.

“தனியாக இருந்தால் பழைய மாதிரிதான். யாராவது பார்த்தால் மட்டும் விரலை மாற்றிக்கொள்வேன். வங்கியில் பாரம் நிரப்பும்போதுகூட, பக்கத்தில் ஆள் நின்றால் மாற்றிவிடுவேன். கை தானாக மாறிவிடுகிறது டீச்சர்.”

எனக்குப் பேச நா எழவில்லை. அவளே பேச்சை மாற்றி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை நான்கு விரலால் பென்சில் பிடிக்கிறாளாம்; பள்ளியில் குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறார்களாம். என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டாள். கை வலிக்கிறது என்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். எழுத்து புரிகிறதா? புரிகிறது. அப்படியானால் விட்டுவிடு, நாளை அந்த ஆசிரியையிடம் நீயே நேரில் போய்ச் சொல் என்றேன்.

போனாளாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். அந்த ஆசிரியையின் முன்னாலேயே, விரலை மாற்றாமல் போட்டதாகப் பிறகு சொன்னாள்.

உம்மம்மாவின் நோட்டில் இப்போது 97ஆம் பக்கத்தில் இருக்கிறேன். அந்த இரண்டு குழந்தைகளின் பெயர்களையும் பெயர்த்து எழுதியாகிவிட்டது. அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள். பேனாவைக் கீழே வைக்கிறேன்.